69 வயது அம்மாவுக்கு மகரந்த அலர்ஜி: இம்யூனோதெரபி எடுக்கலாமா?

கேட்டவர் எழுதியது சுருக்கமாக இதுதான்: "அம்மாவுக்கு 69 வயது. பத்து வருடமாக, பூக்கும் பருவம் வந்தால் இரண்டு மூன்று மாதம் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு. செட்டிரிசின் போட்டால் பகலெல்லாம் தூங்கி வழிகிறார். பிரஷருக்கு மெட்டோபிரோலால் சாப்பிடுகிறார். ஒரு டாக்டர் இம்யூனோதெரபி எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர், இந்த வயதில் எதற்கு என்கிறார். யார் சொல்வது சரி?"

அலர்ஜி கிளினிக்கில் வயதானவர்களை நிறையப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் உறுத்தியது அந்த மெட்டோபிரோலால்தான். 69 என்ற எண் என்னைப் பெரிதாகத் தயங்க வைக்கவில்லை. இம்யூனோதெரபி என்பது, அலர்ஜி தரும் பொருளையே சிறுகச் சிறுக ஊசியாகவோ நாக்கடி மாத்திரையாகவோ கொடுத்து உடம்பைப் பழக்குவது. வயதை மட்டும் காரணம் காட்டி இந்தச் சிகிச்சையை மறுப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. வயதோடு சேர்ந்து வரும் மற்ற விஷயங்கள் உண்டு: இதயம், நுரையீரல், தினமும் விழுங்கும் மாத்திரைகள். போடலாமா வேண்டாமா என்பதை அவைதான் தீர்மானிக்க வேண்டும்.

ஆனால் அதற்கும் முன்னால், இது உண்மையிலேயே மகரந்தம்தானா என்று பார்க்க வேண்டும். வயது ஏற ஏற மூக்கு ஒழுகுவதற்கு அலர்ஜி அல்லாத காரணங்கள் கூடிக்கொண்டே போகும். சிலருக்குச் சூடாக எதையாவது சாப்பிட உட்கார்ந்தாலே மூக்கில் நீர் கொட்டும். சிலருக்குக் குளிர் காற்று பட்டால் போதும். புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும் மூக்கடைப்பைத் தரும். இவர்களுக்கு மகரந்த ஊசியை ஐந்து வருடம் போட்டாலும் பைசா பிரயோஜனம் இருக்காது. அப்புறம், ஒரே பக்க மூக்கில் மட்டும் அடைப்பும் ரத்தமும் இருந்தாலோ, குனியும்போது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டினாலோ அலர்ஜி டாக்டரிடம் நேரத்தை வீணாக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு வருடா வருடம் அதே மாதங்களில் வருகிறது, கண்ணும் அரிக்கிறது. இந்த இரண்டும் மகரந்தத்தின் பக்கம்தான் கை காட்டுகின்றன. ஆனாலும் பரிசோதனை செய்யாமல் தொடங்கக் கூடாது.

அந்தப் பரிசோதனை வயதானவர்களிடம் கொஞ்சம் ஏமாற்றக் கூடியது. முன்கையின் உட்புறத்தில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு மகரந்தச் சாற்றைச் சொட்டு விடுவார்கள். சொட்டின் வழியாக மெல்லிய முள் ஊசியால் தோலை லேசாகக் குத்திவிட்டுக் கால் மணி நேரம் காத்திருப்பார்கள். அலர்ஜி இருந்தால் கொசு கடித்தது போல ஒரு தடிப்பு எழும். 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ். கூடவே இரண்டு சொட்டுகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இருக்கும். ஒன்று வெறும் உப்பு நீர், இன்னொன்று யாருக்கும் தடிப்பை எழுப்ப வேண்டிய ஹிஸ்டமின். வயதானவர்களின் தோல் மெலிந்து, வெயிலில் அடிபட்டுப் போயிருப்பதால் தடிப்பு சின்னதாகத்தான் எழும். நான் முதலில் பார்ப்பது அந்த ஹிஸ்டமின் சொட்டைத்தான். ஹிஸ்டமினுக்கே தோல் அசையவில்லை என்றால் மற்ற சொட்டுகள் எல்லாம் நெகட்டிவ் என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. அப்போது ரத்தத்தில் அந்தந்த மகரந்தத்துக்கான ஐஜிஇ (அலர்ஜியை உண்டாக்கும் எதிர்ப்பொருள்) அளவைப் பார்க்க வேண்டியதுதான். செட்டிரிசின் போன்றவற்றைப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் வயதானவர்களுக்கு அடிக்கடி எழுதப்படும் அமிட்ரிப்டிலினும் தடிப்பை அமுக்கிவிடும். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், ரத்தப் பரிசோதனையே போதும்.

இன்னொன்று. பத்து மகரந்தங்களுக்குப் பாசிட்டிவ் வந்தால் பத்துக்கும் நோய் இருக்கிறது என்று ஆகாது. அந்தச் செடி மகரந்தம் விடும் மாதமும் அம்மா தும்மும் மாதமும் ஒன்றாக இருந்தால்தான் அது குற்றவாளி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், பாசிட்டிவ் வந்த எல்லாவற்றையும் ஒரே குப்பியில் கலந்து ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். ஒவ்வொன்றின் அளவும் நீர்த்துப் போய், எதற்குமே பலன் தராத ஊசியாகிவிடும்.

சரி, மகரந்தம்தான் என்று உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நேராக இம்யூனோதெரபிக்குப் போக மாட்டேன், ஏனென்றால் சாதாரண சிகிச்சையே உங்கள் அம்மாவுக்கு இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை. செட்டிரிசின் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. வயதாகிச் சிறுநீரகம் மெதுவாகும்போது அது உடம்பில் தங்கிவிடும், தூக்கமும் கூடும். அளவைப் பாதியாக்கலாம், அல்லது தூக்கம் வராத ஃபெக்ஸோஃபெனடினுக்கு மாற்றலாம். அதைத் தண்ணீரில் விழுங்க வேண்டும், பழச்சாறோடு சாப்பிட்டால் உடம்பில் சேர்வது குறையும். குளோர்ஃபெனிரமின் மாதிரியான பழைய அலர்ஜி மாத்திரைகளை மட்டும் 65 வயதுக்கு மேல் கொடுக்கவே வேண்டாம். தலை சுற்றிக் கீழே விழுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலச்சிக்கல், மனக் குழப்பம் என்று அவை இழுத்துவிடும் வம்பு ஏராளம். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை பிரஷரை ஏற்றும். சீசனுக்கு ஒன்று என்று இடுப்பில் போடும் ஸ்டீராய்டு ஊசி சுகரையும் எலும்பையும் கண்ணையும் கெடுக்கும். வருடா வருடம் அதைப் போட்டுக்கொண்டு வருகிற பெரியவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் இந்த நோய்க்கு முதல் மருந்து. அதன் பெரும்பகுதி மூக்கிலேயே நின்றுவிடுவதால், சரியான அளவில் வயதானவர்களுக்கும் பாதுகாப்பானது. ஒரு முறை 71 வயதுப் பெரியவர் ஒருவர் மூன்று மாதம் அடித்தும் ஒன்றும் கேட்கவில்லை என்று வந்தார். எப்படி அடிக்கிறீர்கள், இங்கேயே காட்டுங்கள் என்றேன். குப்பியை நேராகக் கையில் பிடித்தார், மூக்கின் நடுத்தண்டைப் பார்த்து வைத்தார், அமுக்கியதும் ஒரே இழுப்பாக இழுத்தார். மருந்து தொண்டைக்குப் போய், அதை விழுங்கவும் செய்தார். மூட்டு வாதம் வந்த விரல்களில் பாதி அழுத்தம்தான் விழுந்தது. அவருக்கு மருந்து மாறவில்லை, அடிக்கும் விதம்தான் மாறியது. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை காதின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். தலை லேசாகக் குனிந்திருக்க, மெல்ல மூச்சை இழுத்தால் போதும். விரல் வலிப்பவர்களுக்கு வீட்டில் ஒருவர் அமுக்கி உதவலாம். சீசன் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்து, சீசன் முடியும் வரை தினமும் அடிக்க வேண்டும், தும்மல் வந்த அன்று மட்டும் அடித்தால் பலன் தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மூக்கில் ரத்தம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். மூக்கை உப்பு நீரால் கழுவுவதும் நல்லது, ஆனால் கொதிக்க வைத்து ஆறிய நீரில்தான் செய்ய வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்குக்குள் விடக் கூடாது, அதில் அமீபா இருந்தால் மூளைக்கு ஏறிவிடும்.

இதையெல்லாம் ஒரு முழு சீசன் சரியாகச் செய்தும் தூக்கம் கெடுகிறது, வெளியே போக முடியவில்லை, வீசிங் எட்டிப் பார்க்கிறது என்றால், அப்போது இம்யூனோதெரபியைப் பற்றிப் பேச நியாயம் இருக்கிறது.

இது நேற்று வந்த சிகிச்சை இல்லை. லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் லெனார்ட் நூன் என்பவர் புல் மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுக ஊசியாகப் போட்டு, அதன் பலனை 1911ல் எழுதினார். மகரந்தத்தில் ஏதோ நஞ்சு இருப்பதாக அவர் நம்பினார். அந்தக் காரணம் தவறு, ஆனால் செய்த வேலை சரி. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் கண்டுபிடிக்கப்படுவதற்கு அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்று நமக்குத் தெரிந்தது இவ்வளவு: அலர்ஜி உள்ளவரின் உடம்பு மகரந்தத்தைப் பகையாளியாக நினைத்து ஐஜிஇ செய்கிறது. அதே மகரந்தத்தை அளந்து, கூட்டிக்கூட்டி, மாதக்கணக்கில் கொடுக்கும்போது, சண்டையை அடக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் பெருகுகின்றன. ஐஜிஜி4 என்ற வேறு வகை எதிர்ப்பொருளும் உருவாகி, மகரந்தம் ஐஜிஇயைத் தொடுவதற்கு முன்பே மறித்துக்கொள்கிறது. மாத்திரையும் ஸ்ப்ரேயும் அன்றன்றைக்குத் தொல்லையை அடக்குபவை. நோயின் போக்கையே மாற்றப் பார்க்கும் சிகிச்சை இது ஒன்றுதான்.

வயதான உடம்பு இப்படிப் புதிதாகக் கற்றுக்கொள்ளுமா என்பதுதான் இரண்டாவது டாக்டரின் சந்தேகமாக இருக்கும். நியாயமான சந்தேகம். வயதாகும்போது நோய் எதிர்ப்பு மண்டலம் தளர்வது உண்மை. பெரும்பாலான ஆய்வுகளில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை என்பதும் உண்மை. அமெரிக்காவில் புல், ராக்வீட் என்ற களைச்செடி ஆகியவற்றின் மகரந்தங்களுக்கான நாக்கடி மாத்திரைகளுக்கு 65 வயது வரைதான் அனுமதி என்பதற்கும் இதுவே காரணம். 66வது பிறந்தநாளில் மருந்து வேலை செய்வதை நிறுத்திவிடும் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. போலந்தில் 65 முதல் 75 வயதுக்காரர்களுக்குப் புல் மகரந்த ஊசியும் மருந்தில்லாத போலி ஊசியும் கொடுத்து ஒப்பிட்டார்கள். உண்மையான ஊசி எடுத்தவர்களுக்குத் தொல்லையும் குறைந்தது, மற்ற மருந்துகளின் தேவையும் குறைந்தது. ஆய்வு சிறியதுதான், ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. இன்னொரு சாட்சியும் உண்டு. குளவி, தேனீ கொட்டினால் உயிருக்கே ஆபத்து வரும் பெரியவர்களுக்கு இதே முறையில் அந்தப் பூச்சியின் நஞ்சையே அளந்து ஊசியாகப் போடுகிறோம். அறுபது, எழுபது வயதிலும் அது காப்பாற்றுகிறது. வயதான உடம்புக்கும் கற்றுக்கொள்ளத் தெரியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? அடியோடு குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். புல் மகரந்த மாத்திரை ஆய்வுகளில் போலி மருந்தைவிட 20 முதல் 30 சதவீதம் கூடுதலாகத் தொல்லை குறைவது சராசரி. போலி மருந்துக்காரர்களும் தேவைப்பட்டபோது வழக்கமான மாத்திரை, ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டவர்கள்தான் என்பதால், இது அதற்கு மேல் கிடைக்கும் லாபம். சிலருக்கு இதைவிட நன்றாகக் கேட்கும், சிலருக்குக் கேட்கவே கேட்காது.

ஊசி என்றால் மேல் கையின் வெளிப்புறத்தில், தோலுக்கு அடியில் போடுவது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை வாரம் ஒரு முறை அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு மாதம் ஒன்று, மூன்று முதல் ஐந்து வருடம். நாக்கடி மாத்திரையை முதல் நாள் மட்டும் டாக்டர் முன்னிலையில் வைத்து அரை மணி நேரம் இருந்து பார்ப்பார்கள். அப்புறம் தினமும் வீட்டிலேயே. சீசனுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும். வாயில் அரிப்பும் தொண்டையில் கரகரப்பும் முதல் சில வாரம் இருக்கும், பெரும்பாலும் தானே அடங்கும். பல் பிடுங்கியிருந்தாலோ, பல் செட் உரசி வாயில் புண் இருந்தாலோ அது ஆறும் வரை மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும். பெரியவர்கள் பலர் இந்தப் புண்ணை ஒரு பொருட்டாகவே சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அந்த மெட்டோபிரோலாலுக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சையில் உடம்புக்கு ஆகாத பொருளையே தெரிந்தே உள்ளே செலுத்துகிறோம். அதனால் எப்போதாவது உடம்பு முழுக்கப் பரவும் எதிர்வினை வரும். ஆயிரம் ஊசிக்கு ஒன்று இரண்டு என்ற கணக்கில் வரும், அதிலும் பெரும்பாலானவை லேசானவை. உயிர் போவது பல லட்சம் ஊசிகளில் ஒன்று. ஆனால் அந்த ஒன்று வரும்போது காப்பாற்றும் மருந்து அட்ரினலின் மட்டும்தான். அது இதயத்திலும் மூச்சுக் குழாயிலும் உள்ள பீட்டா ஏற்பிகள் (செல்களில் மருந்து வந்து ஒட்டும் இடங்கள்) வழியாகத்தான் வேலை செய்கிறது. மெட்டோபிரோலால் அதே ஏற்பிகளை அடைத்து வைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. அதாவது, ஆபத்து நேரத்தில் அட்ரினலின் போட்டாலும் எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்யாமல் போகலாம். அந்த ஏற்பியைத் தொடாமலே இதயத்தைத் தூண்டும் குளுகாகான் ஊசி மாற்று வழியாக உண்டு. ஆனால் எல்லா கிளினிக்கிலும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்காது.

அதற்காக உங்கள் அம்மாவின் மெட்டோபிரோலாலை நாளையே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு வலியும் மாரடைப்பும்கூட வரலாம். அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் பிரஷருக்கு மட்டும்தான் என்றால், அம்லோடிபின் போன்ற வேறு வகைக்குப் படிப்படியாக மாற்றித் தர பல நேரம் அவருக்குத் தடை இருக்காது. மாரடைப்புக்குப் பிறகோ, இதயம் பலவீனமாக இருப்பதாலோ, துடிப்பு தவறுவதாலோ கொடுத்தது என்றால் கை வைக்கக் கூடாது. தும்மலை நிறுத்துவதற்காக இதயத்தின் காவலை எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. குளவி அலர்ஜி என்றால் கணக்கு வேறு. அங்கே சிகிச்சை எடுக்காமல் இருப்பதே உயிருக்கு ஆபத்து என்பதால் பீட்டா பிளாக்கரோடும் போடத் துணிகிறோம். மகரந்தத்துக்கு அந்தத் துணிச்சல் தேவையில்லை.

பலரும் தவற விடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டும் பீட்டா பிளாக்கர்தான். சொட்டு மருந்து கண்ணோடு நின்றுவிடுவதில்லை, கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். கண்ணுக்குச் சொட்டு போடுகிறீர்களா என்று தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

இதயத்துக்கு அடுத்தபடியாக நான் பயப்படுவது ஆஸ்துமாவுக்கு. கட்டுக்குள் வராத ஆஸ்துமாவோடு ஊசி போடவே கூடாது. இந்த ஊசியால் நேர்ந்த மரணங்களில் அதிகம் காணப்படும் காரணம் அதுதான். வயதானவர்கள் மூச்சு வாங்குவதை வயசாகிவிட்டது என்று தள்ளிவிடுவார்கள். அதனால் வாய் வார்த்தையை நம்பாமல் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தாக வேண்டும். புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலும், தன்னுடல் தாக்கு நோய் தீவிரமாக இருந்தாலும் வேண்டாம். ஞாபக மறதி நோய் முற்றியிருந்தாலும் வேண்டாம் என்பேன். உள்ளங்கை அரிக்கிறது, தொண்டை இறுகுகிறது, ஏதோ ஆகப்போகிறது போலிருக்கிறது என்று அந்த முதல் ஐந்து நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தச் சிகிச்சை பாதுகாப்பு.

ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வேண்டும். கையில் வீக்கம் மட்டும் என்றால் ஐஸ் வைத்தால் போதும். அன்று காய்ச்சலோ வீசிங்கோ இருந்தால் ஊசி தள்ளிப் போக வேண்டும், கேட்காமல் போட வந்தால் நீங்கள் நிறுத்துங்கள். அட்ரினலின் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நல்ல கிளினிக் என்றால் முகம் சுளிக்காமல் டிராயரைத் திறந்து காட்டும்.

இந்த வயதில் மூன்று நான்கு வருடம் ஒதுக்குவது வீண் என்று சிலர் நினைக்கிறார்கள். பலன் கடைசியில் மொத்தமாக வருவதில்லை. முதல் சீசனிலேயே தெரிய ஆரம்பிக்கலாம். 1999ல் லண்டனில் இருந்து வெளியான ஓர் ஆய்வில், மூன்று நான்கு வருடம் புல் மகரந்த ஊசி எடுத்து நிறுத்தியவர்களுக்கு அதற்கடுத்த மூன்று வருடமும் நிம்மதி நீடித்தது. இரண்டு வருடத்தில் நிறுத்தியவர்களுக்கு அந்த நீடிப்பு கிடைக்கவில்லை என்று 2017ல் இன்னோர் ஆய்வு காட்டியது. ஆகவே தொடங்கினால் மூன்று வருடம் வந்துபோக வீட்டில் ஒருவர் கூட்டிப்போகத் தயாராக இருக்க வேண்டும். அது முடியாது என்றால் தொடங்காமல் இருப்பதே நல்லது. மறுபக்கம், ஒரு முழு வருடம் சரியான அளவில் எடுத்தும் சீசனில் கொஞ்சம்கூட மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடச் சொல்வேன்.

உங்கள் அம்மாவுக்கு என் யோசனை இதுதான். இந்த சீசனில் மாத்திரையை மாற்றி, ஸ்ப்ரேயைச் சரியாக அடிக்கப் பழக்குங்கள். சீசன் ஓய்ந்ததும் பரிசோதனை. அதற்குள் இதய மருத்துவரிடம் மெட்டோபிரோலால் பற்றிப் பேசிவிடுங்கள். அது மாறிவிட்டது, ஆஸ்துமா இல்லை, குற்றவாளி ஒன்றிரண்டு மகரந்தம்தான், தொல்லையும் இன்னும் இருக்கிறது என்றால் முதல் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். மாறவில்லை என்றால் இரண்டாமவர் சொன்னது சரி, வேறு காரணத்துக்காக.

அலர்ஜி டாக்டரிடம் போகும்போது அம்மா பயன்படுத்தும் மருந்துகள் அத்தனையையும், கண் சொட்டு, தூக்க மாத்திரை, எப்போதாவது போடும் வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் அப்படியே அள்ளிப் போட்டு எடுத்துப் போங்கள். பட்டியல் எழுதிக்கொண்டு போனால் ஒன்று விட்டுப் போகும்.